கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பல் பாக்கறது பத்தி எங்க கடைக்கு வர்றவங்க கேக்கற கேள்விகள்

வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்டா இருக்கேன். பல்வலின்னு மாத்திரை கேட்டு வராத நாளே கிடையாது, "பிரைவேட்ல போனா ஆயிரக்கணக்குல கேக்கறாங்க, அதான் மாத்திரையோட ஓட்டறேன்"னு சொல்லாத ஆளும் கிடையாது. கவர்மெண்ட்ல பாருங்கன்னு சொன்னா உடனே பத்து சந்தேகம் வரும், எல்லாருக்கும் கிட்டத்தட்ட அதே பத்து. அதனால கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதில எழுதிட்டேன். தமிழ்நாட்டு நிலவரம்தான் எழுதியிருக்கேன், சென்னை கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

"கவர்மெண்ட்ல பல்லுக்கெல்லாம் பாப்பாங்களா? புடுங்கி மட்டும்தான் விடுவாங்களாமே?"

பாப்பாங்க. மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி, தாலுகா ஜிஎச், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னு எல்லா மட்டத்துலயும் பல் டாக்டர் இருக்காங்க. ஆரம்ப சுகாதார நிலையம்னா எல்லா இடத்துலயும் இருக்காது, பிளாக் அளவுல இருக்கற பெரிய நிலையங்கள்ல இருப்பாங்க, அதுலயும் சில ஊர்ல வாரத்துல சில நாள்தான் வருவாங்க, அதனால முன்னாடியே நர்ஸ் கிட்ட எந்தக் கிழமைன்னு கேட்டுக்கோங்க.

"புடுங்கிடுவாங்க" அப்படிங்கறதுல பாதி உண்மை இருக்கு. சின்ன ஆஸ்பத்திரில பல் எடுக்கறது, சொத்தை அடைக்கறது, கிளீனிங் இதெல்லாம் நடக்கும், ரூட் கேனால் (பல்ல எடுக்காம உள்ள இருக்கற நரம்ப எடுத்து சுத்தம் பண்ணி அடைக்கறது) எல்லா இடத்துலயும் நடக்காது. அங்க "எடுத்துடலாம்மா"ன்னு சொன்னா அப்படியே தலையாட்டாம, "சார் இந்தப் பல்ல காப்பாத்த முடியுமா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றீங்களா"ன்னு கேளுங்க. கேக்கறதுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா பல் வேர் வரைக்கும் உடைஞ்சு போயிருந்தா எங்க போனாலும் எடுக்கத்தான் செய்வாங்க, அத ஆஸ்பத்திரி மேல போடாதீங்க.

"நெசமாவே ஃப்ரீயா? உள்ள போனதும் அது இதுன்னு காசு கேப்பாங்களோ?"

ஓபி சீட்டு, டாக்டர் பாக்கறது, பல் எடுக்கறது, அதுக்கு போடற மரத்துப்போற ஊசி, மாத்திரை எல்லாம் இலவசம். மாத்திரைய ஆஸ்பத்திரி மருந்தகத்துலயே வாங்கிக்கோங்க, 1994-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலமா அரசாங்கமே மொத்தமா வாங்கி சப்ளை பண்ணுது. அந்தச் சீட்ட எடுத்துக்கிட்டு எங்க கடைக்கு வந்து காசு குடுத்து வாங்கறவங்க இருக்காங்க, எனக்கு வியாபாரம்தான், ஆனா உங்களுக்கு என்னத்துக்கு?

பல்செட், கேப் (பல்லு மேல மாட்டற உறை) மாதிரி லேப்ல செஞ்சு வர வேண்டிய பொருளுக்கு சில இடத்துல சின்னத் தொகை கட்டச் சொல்லலாம். கவுண்டர்ல கட்டி ரசீது வாங்குங்க, கைல யார்கிட்டயும் குடுக்காதீங்க.

உண்மையான செலவு வேற இடத்துல இருக்கு, அத நாலாவது கேள்வில சொல்றேன்.

"என்னென்ன பேப்பர் கொண்டு போகணும்? வருமான சர்டிபிகேட் வேணுமா?"

வெளிநோயாளியா பல் பாக்க வருமானச் சான்று எல்லாம் வேணாம், ஏழைன்னு யார்கிட்டயும் நிரூபிக்கத் தேவையில்ல. ஆதாரும் போன் நம்பரும் இருந்தா பதிவு சீக்கிரம் முடியும். அத விட முக்கியம் நீங்க வழக்கமா சாப்பிடற மாத்திரை அட்டை. அட்டையோட கொண்டு போங்க, "ரோஸ் கலர் மாத்திரை, சின்னதா இருக்கும்"னு சொன்னா எந்த டாக்டருக்கும் புரியாது. பழைய எக்ஸ்ரே இருந்தா அதையும் எடுத்துக்கோங்க.

வருமானச் சான்று எங்க வேணும்னா காப்பீட்டு அட்டைக்கு, அது கீழ வருது.

"ஒரு நாள் லீவு போட்டா எல்லாம் முடிஞ்சிடுமா?"

இதுதான் முக்கியமான கேள்வி. பல் எடுக்கறதுன்னா பெரும்பாலும் ஒரே நாள்தான். சொத்தை அடைக்கறதும் அப்படித்தான். ரூட் கேனால்னா ரெண்டு மூணு தடவை வரச் சொல்வாங்க, நடுவுல ஒரு வாரம் பத்து நாள் இடைவெளி இருக்கும், அப்பறம் கேப்புக்கு தனியா. முழு பல்செட்னா அஞ்சு தடவை வரைக்கும் ஆகலாம். ஒவ்வொரு தடவையும் அரை நாள் போயிடும். கட்டட வேலை, வீட்டு வேலை, கடைல நிக்கற வேலைன்னு தினக்கூலிக்காரங்களுக்கு சிகிச்சை இலவசம்தான், ஆனா அந்த நாள் கூலி போகுதே, அதுதான் நிஜ பில்லு. நிறைய பேர் முதல் சிட்டிங்ல வலி போனதும் நின்னுடறதுக்கு காரணம் சோம்பேறித்தனம்னு சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், கூலி போறதுதான் காரணம்.

அதனால முதல் நாளே கேட்டுடுங்க, "மொத்தம் எத்தனை தடவை வரணும், எந்தெந்தக் கிழமை"ன்னு. வாராந்திர லீவு என்னிக்கோ அத சொல்லுங்க, முடிஞ்ச அளவு அதுக்கு ஏத்த மாதிரி தேதி போட்டுக் குடுப்பாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை ஓபி இருக்காது, அத மனசுல வச்சுக்கோங்க. ஓபி சீட்டு காலைல மட்டும்தான் குடுப்பாங்க, எட்டு மணிக்கு முன்னாடியே வரிசைல நின்னுடுங்க, பத்தரைக்கு போய் நின்னா அன்னிக்கு பார்வை மட்டும்தான் நடக்கும், வேலை நடக்காது.

"சென்னைல பெரிய பல் ஆஸ்பத்திரி எங்க இருக்கு? போனதும் எங்க நிக்கணும்?"

தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, கோட்டை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல, முத்துசாமி பாலத்துக்கிட்ட. 1953-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜோட ஒரு பிரிவா ஆரம்பிச்சது. பீச்-தாம்பரம் லைன்ல கோட்டை ஸ்டேஷன்ல இறங்கினா நடந்துடலாம், சென்ட்ரல்ல இறங்கினாலும் தூரமில்ல. யாரும் லெட்டர் குடுத்து அனுப்பணும்னு இல்ல, நேரா போகலாம்.

சீட்டு வாங்கினதும் முதல்ல பொதுவா பாக்கற பிரிவு. அங்க வாய திறந்து பாத்து, எக்ஸ்ரே எழுதி, எந்தப் பிரிவுக்கு போகணும்னு சீட்டுல எழுதுவாங்க. பல் எடுக்க ஒரு பிரிவு, ரூட் கேனாலுக்கு ஒண்ணு, ஈறுக்கு ஒண்ணு, செட்டுக்கு ஒண்ணு, குழந்தைங்களுக்கு தனி. நிறைய பேர் இங்கதான் குழம்பிடறாங்க, யாரோ சொன்னாங்கன்னு வேற வரிசைல ஒரு மணி நேரம் நின்னுட்டு வருவாங்க. சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு எழுதினவங்ககிட்டயே கேட்டுட்டு நகருங்க.

மத்த ஊர்க்காரங்களுக்கு: சிதம்பரம் அண்ணாமலை நகர்ல இருக்கற பழைய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இப்ப கடலூர் மாவட்ட அரசு கல்லூரி ஆயிடுச்சு. புதுக்கோட்டைல 2023-ல ஒண்ணு திறந்தாங்க. புதுச்சேரி பக்கம் இருக்கறவங்களுக்கு கோரிமேட்டுல மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கு, அது புதுச்சேரி அரசோடது.

"அங்க ஸ்டூடண்ட்ஸ்தான் பாப்பாங்களாமே, நம்மள வச்சு கத்துக்குவாங்களா?"

ஆமா, படிக்கற பசங்க பாப்பாங்க, மறைக்க ஒண்ணுமில்ல. பிடிஎஸ் நாலு வருஷம் படிச்சுட்டு ஒரு வருஷம் பயிற்சி டாக்டரா இருக்கறவங்க, அதுக்கு மேல எம்டிஎஸ் படிக்கறவங்க, இவங்கதான் கை வைப்பாங்க. ஆனா ஒவ்வொரு கட்டத்துலயும் "சார் ஒரு தடவை பாருங்க"ன்னு பெரியவங்கள கூப்பிட்டு காட்டி, அவங்க சரின்னு சொன்னாத்தான் அடுத்தது. அதனாலதான் நேரம் ஆகுது. பிரைவேட்ல அரை மணில முடியறது இங்க ரெண்டு மணி நேரம். ஆனா என் கணக்குல அவசரமில்லாம பொறுமையா வேலை செய்யறதும் இங்கதான். ரொம்ப பயமா இருந்தா பெரிய டாக்டரே பாக்கட்டும்னு கேக்கலாம், தப்பில்ல.

"அண்ணே, அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், இப்ப வலிக்கு ஒரு மாத்திரை மட்டும் குடுங்களேன்?"

வலி மாத்திரை வலிய மறைக்கும், சொத்தைய ஒண்ணும் பண்ணாது. ஒரு வாரம் மாத்திரை போட்டு வலி தானா நின்னுடுச்சுன்னு சந்தோஷப்படறவங்க நிறைய, அது பெரும்பாலும் உள்ள நரம்பு செத்துப்போனதுதான், கொஞ்ச நாள்ல அடியில சீழ் கட்டும். முன்னாடியே சொத்தைய அடைச்சிருந்தா ஒரே சிட்டிங்ல முடிஞ்சிருக்க வேண்டியது ரூட் கேனாலாகி மூணு நாள் கூலி போயிடும். அல்சர், கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டைக்ளோஃபெனாக் வகையறா வலி மாத்திரைய தானா வாங்கிப் போடவே கூடாது.

ஆன்டிபயாடிக் கேக்கறவங்களுக்கு: டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, "ரெண்டே ரெண்டு அமாக்ஸிசிலின்" கேட்டு என்கிட்ட சண்டை போடாதீங்க. டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதியிருந்தா அது முடியற வரைக்கும், முடிஞ்சு ரெண்டு மூணு நாள் வரைக்கும் சரக்கு தொடக்கூடாது, வாந்தி பெரட்டி எடுக்கும். அப்பறம் ஆஸ்பிரின பொடிச்சு பல் மேல வைக்கறது, அது ஈறை வேக வச்சுடும். கிராம்புத் தைலம் பஞ்சுல ஒரு சொட்டு வைக்கலாம், ராத்திரிய தாண்டறதுக்கு. காலைல கெளம்பிடணும்.

"மேல் பல்ல புடுங்கினா கண்ணு நரம்பு போயிடுமாமே?"

போகாது. பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வை நரம்பு வேற. நாப்பது வயசுக்கு மேலதான் பல்லும் கெடுது, வெள்ளெழுத்தும் வருது, ரெண்டும் ஒரே சமயத்துல வர்றதால நம்ம பாட்டிங்க முடிச்சுப் போட்டுட்டாங்க. சொத்தைய வாயிலயே வச்சுக்கிட்டு சீழ் பரவ விடறதுதான் ஆபத்து.

"கிளீன் பண்ணா பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சிடும், இடுக்கு விழும்னு சொல்றாங்க"

கல்லு மாதிரி படிஞ்ச காரை பல்லையும் பல்லையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், அடியில எலும்பு ஏற்கனவே கரைஞ்சிருக்கும். காரைய எடுத்ததும் இருந்த ஆட்டமும் இருந்த இடுக்கும் வெளிய தெரியுது, அவ்வளவுதான். ரெண்டு மூணு நாள் கூச்சம் இருக்கும், போயிடும். ஜிஎச்லயே பண்றாங்க.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துலேர்ந்து வந்து இங்க வேலை செய்யறவங்க, பல்லுல இருக்கற பழுப்பு போகுமான்னு கேப்பாங்க. அது ஊர்த் தண்ணில இருந்த ஃபுளோரைடால பல்லுக்குள்ளயே வந்த கறை, சின்ன வயசுல பல் உருவாகும்போதே வந்தது, கிளீனிங்ல போகாது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தப் பிரச்சனைக்காகத்தான்.

"ரூட் கேனால் இலவசமா முடிஞ்சிடுச்சு, கேப் போடலன்னா என்ன ஆகும்?"

கடவாப்பல்னா உடையும். ரூட் கேனால் பண்ண பல்லுல உள்ள நிறைய எடுத்திருப்பாங்க, மிச்சம் இருக்கறது மெலிஞ்ச சுவர்தான், முறுக்கோ கரும்போ கடிச்சா நெடுக்கா பிளந்துடும், பிளந்தா எடுக்கறதத் தவிர வழியில்ல. மூணு நாள் கூலிய விட்டு காப்பாத்துன பல்லு அது, கேப்புல சிக்கனம் பாக்காதீங்க. அங்கயே கேப்பும் போடுவீங்களான்னு கேளுங்க, வரிசை நீளம்னா கீழ தனியார் காலேஜ் பத்தி எழுதியிருக்கறத பாருங்க. பின்னாடி பல்லுக்கு வெள்ளை கேப்தான் வேணும்னு இல்ல, சாதா மெட்டல் கேப் விலையும் கம்மி, பலமும் அதிகம். முன்னாடி பல்லுன்னா கொஞ்சம் யோசிக்கலாம்.

"அம்மாவுக்கு பல்லே இல்ல, பல்செட் கட்டித் தருவாங்களா?"

பல் கல்லூரி ஆஸ்பத்திரில கட்டித் தருவாங்க, ஜிஎச் எல்லாத்துலயும் கிடையாது. முதல் நாள் வாய்ல மாவு மாதிரி ஒண்ண வச்சு அளவு எடுப்பாங்க, அப்பறம் கடிக்கற அளவு, அப்பறம் மெழுகுல பல்ல அடுக்கி வாய்ல வச்சுப் பாப்பாங்க. இந்த மெழுகு நாள் ரொம்ப முக்கியம். பல் பெருசா இருக்கா, உதடு மூடுதா, பேசும்போது தூக்குதான்னு அன்னிக்கே சொல்லிடணும், கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்க. செட் முடிஞ்சு வந்தப்பறம் "எனக்கு இது புடிக்கல"ன்னா மறுபடி முதல்லேர்ந்துதான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு மாசம் கஷ்டமாத்தான் இருக்கும், குத்தும். குத்தற இடத்த வீட்ல உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, திரும்பப் போனா அவங்களே சரி பண்ணித் தருவாங்க. ராத்திரி கழட்டி தண்ணில போட்டு வைக்கணும். பல் எடுத்த கையோட செட் கேக்காதீங்க, ஈறு ஆற ரெண்டு மூணு மாசம் விடுவாங்க.

"கேரளால பல்செட் இலவசமாமே, செங்கோட்டை தாண்டிப் போனா கிடைக்குமா?"

அங்க 'மந்தஹாசம்'னு ஒரு திட்டம் இருக்கு, வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்கற 60 வயசு தாண்டினவங்களுக்கு. அது அந்த ஊர் ஆளுங்களுக்குத்தான், நம்ம ரேஷன் கார்டு செல்லாது.

"முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கே, பிரைவேட்ல காட்டி ரூட் கேனால் பண்ணிக்கலாமா?"

முடியாது. இதுல ஏமாந்து திரும்பறவங்க நிறைய. அந்த அட்டை படுத்து பாக்கற பெரிய சிகிச்சைக்கு, வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும். அடைக்கறது, கிளீனிங், ரூட் கேனால், செட் இதெல்லாம் அதுல வராது. ஆனா பைக்ல விழுந்து தாடை எலும்பு முறிஞ்சது, தாடைல கட்டி, வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் மாதிரி விஷயத்துக்கு உதவும், அப்ப பல் டாக்டர்தானேன்னு விட்டுடாம அட்டைய கண்டிப்பா காட்டுங்க.

அட்டை இல்லாதவங்க குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா எடுக்கலாம். விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்குப் போகணும். சந்தேகம்னா 1800 425 3993, காசில்லாத நம்பர்.

"எனக்கு இஎஸ்ஐ பிடிக்கறாங்க, அதுல பல்லு வருமா?"

வரும். இஎஸ்ஐங்கறது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. சம்பளம் மாசம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து பிடிச்சாங்கன்னா உங்களுக்கும் உங்கள நம்பி இருக்கற குடும்பத்துக்கும் இஎஸ்ஐ ஆஸ்பத்திரில பல் பிரிவுல பாக்கலாம். முதல்ல உங்க டிஸ்பென்சரிக்கு போய் எழுதி வாங்கிட்டு கே.கே.நகர், அயனாவரம் மாதிரி பெரிய இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு போகணும். வேலை செய்யறப்ப அடிபட்டு பல் போயிருந்தா செட்டும் அவங்க பொறுப்பு, ஆனா அந்த விபத்து பதிவாகியிருக்கணும், அதனால "சின்ன அடிதான், எழுத வேணாம்"னு சூப்பர்வைசர் சொன்னா கேக்காதீங்க. சம்பளத்துல மாசாமாசம் போற காசு, பல்லுக்காக ஒரு தடவை கூட அந்தப் பக்கம் போகாத ஆளுங்கள தினமும் பாக்கறேன்.

"சுகர் இருக்கு, இதயத்துக்கு மாத்திரை போடறேன், பல் எடுக்கலாமா?"

எடுக்கலாம், சொல்லிட்டு எடுக்கணும். வெறும் வயித்துல போகாதீங்க, இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வழக்கம் போல போட்டுட்டுப் போங்க. சுகர் ரொம்ப ஏறியிருந்தா அன்னிக்கு எடுக்காம திருப்பி அனுப்புவாங்க, அதனால ரெண்டு மூணு நாள் முன்னாடி பக்கத்து சுகாதார நிலையத்துல பாத்துக்கிட்டா ஒரு நாள் கூலி மிச்சம். எகோஸ்பிரின், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாம இருக்க போடற மாத்திரைய நீங்களா நிறுத்தவே கூடாது. அசிட்ரோம் போடறவங்களுக்கு ஒரு ரத்த டெஸ்ட் பாத்துட்டுத்தான் கை வைப்பாங்க.

எடுத்தப்பறம் வைக்கற பஞ்ச முக்கால் மணி நேரம் கடிச்சே இருக்கணும், நடுநடுவுல எடுத்து எடுத்து பாக்கக் கூடாது. அன்னிக்கு முழுக்க துப்பாதீங்க, சூடா டீ வேணாம், பீடி சிகரெட் வேணவே வேணாம். மறுநாள்லேர்ந்து உப்புத் தண்ணி.

கர்ப்பமா இருக்கறவங்களும் இதே கேப்பாங்க. நாலு முதல் ஆறு மாசம் தோதான நேரம், ஆனா வீக்கமோ தாங்க முடியாத வலியோ இருந்தா எந்த மாசமும் பாக்கலாம். மாசத்தை முதல்ல சொல்லிடுங்க.

"தனியார் டென்டல் காலேஜ்ல கம்மின்னு வேன் வந்து கூப்பிடறாங்க, போலாமா?"

போலாம். அவங்க பசங்க படிக்கறதுக்கு பேஷண்ட் வேணும், அதனால கிளினிக்க விட நல்லாவே கம்மி. கேம்ப்ல வாய பாக்கறது இலவசம்தான், ஆனா காலேஜுக்கு போனப்பறம் எது இலவசம், எதுக்கு எவ்ளோன்னு மொத்தத்தையும் முதல்லயே எழுதி வாங்குங்க, முக்கியமா கேப்பும் செட்டும். திரும்பி வர வேன் இருக்கா, ரெண்டாவது சிட்டிங்குக்கும் வேன் வருமான்னு கேளுங்க. முதல் நாள் வேன்ல போயிட்டு அடுத்த தடவை ரெண்டு பஸ் மாறணும்னு தெரிஞ்சு அப்படியே விட்டவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

"திருவிழால ஒருத்தர் பத்து நிமிஷத்துல பல்லு கட்டிட்டாரே, இவங்களுக்கு ஏன் அஞ்சு நாள்?"

அவர் பக்கத்துப் பல்லோட பசை மாதிரி ஒண்ண வச்சு ஒட்டிடறார், கழட்ட முடியாது. அடியில சோறு போய் அழுகும், ஈறு வீங்கும், நல்லா இருந்த பக்கத்துப் பல்லு ரெண்டும் சேந்து ஆடும். ஏற்கனவே கட்டியிருந்தா நீங்களா குறடு வச்சு இழுக்காதீங்க, ஆஸ்பத்திரில மெதுவா வெட்டி எடுப்பாங்க, திட்டினாலும் எடுத்து விடுவாங்க.

"பாக்கு போடறேன், இப்பல்லாம் காரம் எரியுது, வாய் சரியா திறக்கல"

உங்க மூணு விரல சேத்து, ஒண்ணு மேல ஒண்ணா இருக்கற மாதிரி செங்குத்தா வச்சு வாய்க்குள்ள விடுங்க, நுழையலன்னா நாளைக்கே கெளம்புங்க. பாக்கு, குட்காவால உள்தோல் இறுகிப்போறது அது, சிலருக்கு புற்றா மாறும். ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு, வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இருந்தாலும் அப்படித்தான். வலிக்கலையேன்னு இருக்காதீங்க, ஆரம்பத்துல வலிக்காது. சின்னதா சதை எடுத்து டெஸ்ட் பண்றதும் அரசு பல் கல்லூரில நடக்கும்.

"ராத்திரில கன்னம் வீங்கிடுச்சு, பல் ஆஸ்பத்திரி திறக்கற வரைக்கும் இருக்கலாமா?"

கன்னத்துல கொஞ்சம் வீக்கம், வாய் திறக்குது, தண்ணி முழுங்க முடியுதுன்னா காலைல முதல் ஆளா போகலாம். ஆனா தாடைக்கு அடியில கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்குது, எச்சில் முழுங்க முடியல, நாக்கு மேல தூக்குது, காய்ச்சல், மூச்சு விட கஷ்டம், இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. எங்க ஏரியான்னா ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி, இல்ல எந்த பெரிய ஜிஎச் அவசரப் பிரிவும், வண்டி இல்லன்னா 108. வெளில சுடு ஒத்தடம் குடுக்காதீங்க.

"எங்க ஓட்டல்ல வேலை செய்யற பீகார் பையனுக்கு பாப்பாங்களா?"

பாப்பாங்க, ஓபிக்கு எந்த ஊர் ஆதாரா இருந்தாலும் சரி. காப்பீடு வேற கதை. கூட தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் போனா நல்லது.

"ரூட் கேனால் பாதில விட்டுட்டேன், ஆறு மாசம் ஆச்சு, இப்ப போனா திட்டுவாங்களா?"

ரெண்டு வார்த்தை திட்டலாம், பாக்காம அனுப்ப மாட்டாங்க. பழைய சீட்ட தேடி எடுத்துட்டுப் போங்க, தொலைஞ்சிருந்தா புது சீட்டு போட்டு எந்த மாசம் வந்தீங்கன்னு சொல்லுங்க. உள்ள வச்சிருக்கற தற்காலிக அடைப்பு சில வாரத்துக்குத்தான் தாங்கும், ஆறு மாசம்னா பெரும்பாலும் உதிர்ந்து உள்ள திரும்ப கிருமி போயிருக்கும், அதனால மறுபடி எக்ஸ்ரே எடுத்து முதல்லேர்ந்து சுத்தம் பண்ண வேண்டி வரலாம், பல் உடைஞ்சிருந்தா எடுக்கச் சொல்லலாம். எதுவா இருந்தாலும் இந்தத் தடவை முதல் நாளே நாலாவது பதில்ல சொன்ன மாதிரி எல்லா தேதியையும் ஒண்ணா வாங்கி முதலாளிகிட்ட காட்டிடுங்க. எந்த ஆஸ்பத்திரிக்கு போறதுன்னு குழப்பம்னா 104-க்கு (அரசு சுகாதார உதவி நம்பர்) போன் போட்டு கேட்டுட்டு கெளம்புங்க.